ஆனி மாத வெயிலும் பிள்ளையின் நித்திரையும்

பாரிஸ் மாநகருக்கு வடக்கே, செய்ன் நதி வளைந்து செல்லும் கரையில் அமைந்த எபினே-சூர்-செய்ன் என்னும் பட்டினத்தில், அடுக்குமாடி வீடொன்றின் நாலாம் மாடியிலே, ஜூன் மாதத்து மாலை எட்டரை மணிக்கு, நாலு வயதுப் பிள்ளையை நித்திரையாக்கப் பாடுபடும் தாய் ஒருத்தியை வாசகர்கள் மனக்கண்ணாற் காண்பார்களாக. குளிப்பாட்டியாயிற்று, இடியப்பமும் சொதியும் தீத்தியாயிற்று, நரிக் கதையும் சொல்லி முடிந்தது. “இரவாப் போச்சுது குஞ்சு, கண்ணை மூடிக்கொண்டு படு” என்கிறாள் தாய். பிள்ளையோ கட்டிலில் எழுந்து நின்று, யன்னற் சீலையை விலக்கி, எதிர்க் கட்டடத்தின் சுவரிலே பொன்னிறமாய்ப் படிந்திருக்கும் வெயிலைச் சுட்டிக் காட்டி, “இன்னும் இருட்டேல்லையே அம்மா!” என்கிறது. தாயிடம் அதற்கு மறுமொழி இல்லை. பிள்ளை சொல்வது பிரத்தியட்சமான உண்மை.

யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் பேசும் அம்மம்மாவுக்கோ இது விளங்குவதேயில்லை. “நீயெல்லாம் விளக்கு வைச்ச கையோட நித்திரையாப் போயிடுவாய் பிள்ளை. இவனை ஏன் பத்து மணி மட்டும் முழிக்க விடுறாய்?” என்று அவர் கேட்கிறார். அவர் சொல்வதும் உண்மையே. அதே வம்சத்துக் குழந்தை, அதே உணவு, அதே தாலாட்டு. ஆயினும் அங்கே ஏழு மணிக்கு வந்த நித்திரை இங்கே பத்து மணிக்கும் வர மறுப்பது ஏன்? செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் பலனா, கைத்தொலைபேசியின் கோளாறா, பிறந்தநாள் கேக்கின் சர்க்கரையா என்று பெற்றோர் பலவாறாக ஐயுறுகின்றனர். இவற்றிலெல்லாம் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பிரதான காரணம் பிள்ளையின் குணத்தில் இல்லை. வானத்திலும் சுவர்க்கடிகாரத்திலும் இருக்கிறது என்பதே இவ்வத்தியாயத்தின் கருத்து.

இருட்டறையில் ஒரு தொட்டாற்சுருங்கி

நித்திரையைப் பற்றிய இந்த ஆராய்ச்சியின் பழைய கதை பாரிஸ் நகரத்தோடே தொடர்புடையது. நம் ஊர் வேலியோரங்களிலே கால் பட்டதும் கூம்பிக்கொள்ளும் தொட்டாற்சுருங்கி, பகலில் இலை விரித்து இரவில் இலை மடக்கும் இயல்பும் உடையது. ழான்-ழாக் தொர்து தெ மேரான் என்னும் பிரெஞ்சு வானியல் அறிஞர், இச்செடி சூரியனைக் கண்டுதான் இலை விரிக்கிறதா என்று அறிய விரும்பி, அதைச் சூரிய ஒளி புகாத இருட்டிலே வைத்துப் பார்த்தார். வெளியே பகலா இரவா என்று அறிய வழியேதும் இல்லாத அவ்விருட்டிலும், செடி பகல் வேளையில் இலை விரித்தது. இரவு வேளையில் மடக்கியது. 1729 ஆம் ஆண்டில் பாரிஸ் அரச விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவிக்கப்பட்ட இச்சிறு குறிப்பு, உயிர்களின் உள்ளேயே காலத்தைக் கணிக்கும் ஒரு பொறி உண்டு என்பதற்கு முதற் சான்றாக இன்று மதிக்கப்படுகிறது. அப்பொறியை நாம் அகக்கடிகாரம் என்று அழைப்போம்.

மனிதனுக்கும் அது உண்டா என்பதைத் தன் உடம்பையே பணயமாக வைத்துச் சோதித்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே. மிஷேல் சிஃப்ர் என்னும் 23 வயது இளைஞர், 1962 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அல்ப்ஸ் மலைப் பிரதேசத்துப் பாதாளக் குகையொன்றினுள் கடிகாரமின்றி இறங்கி, பசித்தபோது உண்டு, களைத்தபோது உறங்கி, இரண்டு மாத காலம் தனியே வாழ்ந்தார். செப்டம்பர் 14 ஆம் திகதி அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 ஆம் திகதி என்றே அவர் எண்ணியிருந்தார். அவருடைய புத்தியின் கணக்குத் தவறிவிட்டது. உடம்பின் கணக்கோ தவறவில்லை. விழிப்பும் நித்திரையும் சேர்ந்து இருபத்து நாலு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமான ஒரு சுற்றாக ஒழுங்காகவே ஓடியிருந்தன.

அந்தச் ‘சற்றே அதிகம்’ என்பதில்தான் நம் கதையின் சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலோருடைய அகக்கடிகாரம் நாளொன்றுக்குச் சில நிமிஷம் பிந்தி ஓடும் ஸ்வபாவமுடையது. அதை நாள்தோறும் யாரேனும் திருத்தி வைத்தாக வேண்டும். திருத்தி வைப்பது வெளிச்சம். காலை வெளிச்சம் பட்டால் அது முன்னே நகர்கிறது. மாலை வெளிச்சம் பட்டால் பின்னே நகர்கிறது. இந்த ஒரு விதியை மாத்திரம் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வார்களாயின், மீதியெல்லாம் எளிதில் விளங்கும்.

பார்ப்பதற்கு அல்லாத கண்

அகக்கடிகாரம் மூளையின் அடிப்பாகத்தில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்புக் கலங்களாலான ஒரு சிறு முடிச்சு. மண்டையோட்டுக்குள்ளே இருட்டில் இருக்கும் அதற்கு வெளியே விடிந்ததென்று சொல்வது யார்?

கண்தான் சொல்கிறது, ஆயினும் உருவங்களைக் காணும் கண்ணின் பாகம் அன்று. பார்வையை முற்றும் இழந்தவர்கள் சிலரிடத்தில்கூட, கண்ணில் பிரகாசமான ஒளி பட்டால் உடம்பின் இரவுச் சுரப்பு குறைகிறது என்பது 1995 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதற்குக் காரணமான தனிக் கலங்கள் விழித்திரையிலேயே இருப்பது 2002 இல் தெளிவாயிற்று. இவை முகத்தையும் அறியா, எழுத்தையும் அறியா; வெளிச்சம் எவ்வளவு என்பதை மாத்திரம் அளந்து, மூளை முடிச்சுக்குச் செய்தி அனுப்புகின்றன. அதிலும் நீல நிறம் கலந்த ஒளிக்கே இவை மிகுதியாக வசப்படுகின்றன. பகல் வானத்தின் நிறமும், கைத்தொலைபேசித் திரை உமிழும் ஒளியில் ஒரு நல்ல பங்கும் அதுவேயாகும்.

இருட்டு வந்ததென்று செய்தி கிடைத்ததும், மூளையின் நடுவே பட்டாணிக் கடலையினும் சிறிதாக உள்ள ஒரு சுரப்பி, மெலட்டோனின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கிறது. தத்துவஞானி தெக்கார்த் இச்சுரப்பியை ஆன்மாவின் பிரதான ஆசனம் என்று கருதினார். அது எவ்வாறாயினும், இரவின் ஆசனம் என்பதில் ஐயமில்லை. மெலட்டோனினை இருட்சுரப்பு என்று தமிழில் சொல்லலாம். அது நித்திரையை வலிந்து ஊட்டும் மருந்தன்று. ‘இரவு தொடங்கிவிட்டது’ என்று உடம்பின் அங்கங்களுக்கெல்லாம் அறிவிப்பது மாத்திரமே அதன் கடமை.

பிறந்த சிசுவுக்கு இந்த ஒழுங்கு இல்லை. இரவென்றும் பகலென்றும் பாராமல் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் விழித்துப் பாலுக்கு அழும் பச்சைக் குழந்தையிடத்தில், இருட்சுரப்பின் தாளம் இரண்டு மூன்று மாதங்கள் கழிந்த பிறகே தோன்றுகிறது. அதற்கு முன்னர், தாயின் இரவுப் பாலில் கலந்துவரும் மெலட்டோனினே குழந்தைக்குக் கிடைக்கும் இருட்டின் செய்தி.

சுமையும் மிதியும்

நித்திரை வருவதற்கு இருட்சுரப்பு ஒன்றே போதாது. 1982 இல் சூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர் அலெக்ஸாண்டர் போர்பெலி முன்வைத்த விளக்கத்தின்படி, இரண்டு விசைகள் சேர்ந்தே நம் உறக்கத்தை ஆள்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் ஏறிக்கொண்டே போகும் நித்திரைச் சுமை. உறங்கினால் அது இறங்கும். மற்றது அகக்கடிகாரம். பகல் ஏற ஏறச் சுமையும் ஏறுமாயின், பிற்பகல் மூன்று மணிக்கே நாமெல்லாம் சோர்ந்து விழ வேண்டாமா? விழாததன் காரணத்தை யாழ்ப்பாணத்துத் துலாவைக் கண்டவர்கள் எளிதில் உணர்வார்கள். வாளியின் பக்கம் பாரம் கூடக் கூட, துலா மிதிப்பவர் தம் பாரத்தை மறுபக்கம் அதிகமாகச் செலுத்தித் துலாவைச் சரிசெய்வது போல, சுமை ஏற ஏற அகக்கடிகாரமும் விழிப்பின் பக்கம் மென்மேலும் அழுத்திக் கொடுக்கிறது. அந்த அழுத்தம் உச்சத்தை அடைவது எப்போது? நித்திரைக்குச் சற்று முன்னுள்ள ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான். அதன் பிறகு இருட்சுரப்பு தொடங்குகிறது, மிதி தளர்கிறது, சுமை வெல்கிறது.

நாள் முழுவதும் ஓடியாடிய பிள்ளை, படுக்கைக்குச் சற்று முன்னர் களைத்துச் சாய்வதை விட்டு, மெத்தை மேல் ஏறிக் குதித்தும் ஓடி ஒளித்தும் ஆட்டம் போடுவதன் மர்மம் இதுவே. இஸ்ரேல் தேசத்து ஆராய்ச்சியாளர் பெரெட்ஸ் லவீ, 1980களில், பெரியவர்களைப் பகலும் இரவும் குறுகிய இடைவெளிகளில் படுக்க வைத்துச் சோதித்து, வழக்கமான படுக்கை நேரத்துக்கு முந்திய அவ்வேளையில் எவ்வளவு களைத்திருந்தாலும் உறங்குவது அரிது என்று கண்டு, அதை நித்திரைக்குத் தடைவிதிக்கப்பட்ட வேளை என்றார். நாம் தடைவேளை என்று சுருக்கிக்கொள்வோம். அவ்வேளையில் பிள்ளையைக் கட்டிலில் போட்டு ‘உறங்கு’ என்று கட்டளையிடுவது வீண் சண்டையை விலைக்கு வாங்குவதாகும்.

கொலராடோவில் கட்டிய குகை

இனி, சிறு பிள்ளைகளின் கண்ணுக்கு மாலை வெளிச்சம் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லமீஸ் அக்காசெம், மோனிக் லெபூர்ஜ்வா முதலிய ஆராய்ச்சியாளர்கள், மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, முதலில் ஐந்து நாட்கள் குறித்த நேரத்தில் படுத்துக் குறித்த நேரத்தில் எழும்பச் செய்தனர். ஆறாம் நாள் பிள்ளைகளின் வீடுகளுக்கே சென்று, யன்னல்களைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடி, மங்கிய விளக்குகளை மாத்திரம் வைத்து, வீட்டைக் குகை போலாக்கினர். மெலட்டோனின் எச்சிலிலும் இருப்பதால், ஊசி குத்தாமலே, பிள்ளைகள் மென்ற பஞ்சிலிருந்து அதன் அளவைக் கணித்தனர். ஏழாம் நாள், படுக்கைக்கு முந்திய ஒரு மணி நேரம், அடியிலிருந்து ஒளி வீசும் மேசையொன்றின் மேல் படங்களுக்கு வர்ணம் தீட்ட விட்டனர். அவ்வொளியின் அளவு 1,000 லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு. வீட்டு விளக்கின் கீழ் சாதாரணமாக ஒன்றிரண்டு நூறு லக்ஸ் இருக்கும்.

2018 இல் வெளியான முடிவு வியப்பானது. அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளின் இருட்சுரப்பு ஏறக்குறைய 88 வீதம் அடங்கிப்போயிற்று. விளக்கை அணைத்து ஐம்பது நிமிஷம் கழிந்த பின்னரும் பெரும்பாலான பிள்ளைகளிடத்தில் அது மீளவில்லை. இதே குழுவினர் முன்னர் செய்த வேறோர் ஆய்வில், இரண்டரை மூன்று வயதுப் பிள்ளைகளின் இருட்சுரப்பு சராசரியாக மாலை ஏழரை மணியை ஒட்டித் தொடங்குவதையும், அது தொடங்கு முன்னரே படுக்கைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் நித்திரைக்குப் போக நெடுநேரம் எடுத்ததையும் கண்டிருந்தனர்.

பெரியவர்களைவிடச் சிறுவர்கள் இவ்வளவு வசப்படுவது ஏன் என்றால், குழந்தையின் கண்மணி அகலமானது, அதன் வில்லை பளிங்கு போல் தெளிந்தது. வயது ஏற ஏறக் கண்மணி சிறுத்து வில்லை மஞ்சளிக்கிறது. ஒரே அறையில், ஒரே வெயிலில், விருந்துக்கு வந்த அம்மம்மா சாய்கதிரையில் தூங்கி வழிய, பேரப்பிள்ளை கூத்தாடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

எபினேயில் ஜூன் மாதத்து எட்டரை மணிக்கு, தெளிந்த வானமுள்ள நாளில், வெளியே எவ்வளவு வெளிச்சம்? பல ஆயிரம் லக்ஸ். கொலராடோவின் ஒளிமேசை அதற்கு முன் எம்மாத்திரம்!

சுவர்க்கடிகாரத்தை வைத்தவர் யார்?

இங்கே விஞ்ஞானத்தை ஒரு கணம் நிறுத்திச் சரித்திரத்துள் நுழைய வேண்டியிருக்கிறது. ஏனெனில் ‘எட்டரை மணி’ என்பதே பாரிஸில் ஒரு விநோதமான வஸ்து.

பிரான்ஸ் தேசம் கிரீனிச் ரேகை ஊடறுத்துச் செல்லும் தேசம். இயற்கையாகப் பார்த்தால் அது லண்டனின் நேரத்தையே கொள்ள வேண்டும். 1911 இல் ஒரு சட்டத்தின் மூலம் அவ்வாறே கொண்டது. ஆனால் கிரீனிச் என்ற பெயரை உச்சரிக்க மனமின்றி, ‘பாரிஸ் நேரத்தில் 9 நிமிஷம் 21 விநாடி குறைத்தது’ என்று சட்டத்தில் எழுதிக்கொண்டது. தேசாபிமானம் கடிகாரத்தையும் விட்டுவைப்பதில்லை. பின்னர் 1940 ஜூன் மாதத்தில் ஜெர்மானியப் படைகள் பாரிஸுக்குள் புகுந்தபோது, நகரத்துக் கடிகாரங்கள் பெர்லின் நேரத்துக்கு மாற்றப்பட்டன. படைகள் போய்விட்டன, நேரம் போகவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் பிரான்ஸ் கிரீனிச்சுக்கு ஒரு மணி முந்திய நேரத்திலேயே நின்றுவிட்டது. அதன் மேல், எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், மின்சாரத்தைச் சேமிக்கக் கருதி 1976 முதல் கோடையில் இன்னும் ஒரு மணி கூட்டப்பட்டது. ஆகவே ஜூன் மாதத்தில் சூரியன் பாரிஸின் உச்சியை அடைவது நண்பகல் பன்னிரண்டுக்கு அன்று. ஏறக்குறைய 1 மணி 52 நிமிஷத்துக்கு.

யாழ்ப்பாணத்திலோ அம்மாதத்தில் சூரியன் உச்சிக்கு வருவதும் கடிகாரம் பன்னிரண்டைக் காட்டுவதும் பத்துப் பன்னிரண்டு நிமிஷ வித்தியாசத்தில் நிகழ்வன. அங்கும் ஒருகால் அரசாங்கம் கடிகாரத்தைத் திருகியதுண்டு. 1996 இல் மின்சாரப் பஞ்சத்தை முன்னிட்டு இலங்கை நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, 2006 இல்தான் பழையபடி திருப்பப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பிரதேசம் அம்மாற்றத்தை ஏற்காமையால், ஒரே தீவில் இரு நேரங்கள் வழங்கின. அக்காலத்தில் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக் கேட்டுப் பயணம் செய்தவர்களுக்கு, கடிகாரம் என்பது சூரியன் அன்று என்னும் உண்மையை நாம் சொல்லத் தேவையில்லை.

இனி, இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஜூன் 21 ஆம் திகதி, எபினேயில் சூரியன் உதிப்பது காலை 5.47 க்கு, யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய அதே வேளைக்கு, ஆறு மணிக்குச் சில நிமிஷம் முன்னே உதிக்கிறது. காலையில் இரண்டு ஊருக்கும் பேதமில்லை. ஆனால் அஸ்தமனம் யாழ்ப்பாணத்தில் ஆறரை மணிக்கு, எபினேயில் 9.58 க்கு! மூன்றரை மணி வித்தியாசம். விளக்கு வைத்த கையோடு பிள்ளை உறங்கிய யாழ்ப்பாணத்து வீட்டில், அம்மம்மாவின் கண்டிப்பு பாதி வேலையைச் செய்ததென்றால், மீதிப் பாதியைச் சூரியன் செய்துகொடுத்தான். அங்கே ஆண்டு முழுவதிலும் பகலின் நீளம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஏறி இறங்கும். பாரிஸிலோ எட்டு மணி நேரம் ஏறி இறங்கும். சூரியனையே நம்பி வளர்ந்த ஒரு நல்ல வழக்கத்தை, அந்தச் சூரியன் வராத தேசத்தில் அப்படியே எதிர்பார்ப்பது தாய்க்கும் நியாயமன்று, பிள்ளைக்கும் நியாயமன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கணக்கு

இவ்வளவையும் ஒரு நாளில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். எபினேத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நிகழும் ஜூன் மாதத்து ஞாயிறொன்றை எடுத்துக்கொள்வோம்.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லாத சனி இரவு பிந்திப் படுத்தமையால், பிள்ளை காலை எட்டரைக்கு எழும்புகிறது. வெளியே உருட்டி இறக்கும் யன்னல் மறைப்பை, இவ்வூரார் வோலே என்று அழைப்பதை, எவரும் உயர்த்தவில்லை. அறை இருட்டாகவே இருக்கிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு முன்னரே உதித்துவிட்ட சூரியனின் காலை வெளிச்சம், அகக்கடிகாரத்தை முன்னே நகர்த்தக்கூடிய அந்த ஒரே உதவி, பிள்ளையின் கண்ணைச் சேராமலே போகிறது.

மதியம் கழிந்து குடும்பம் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் புறப்படுகிறது. 1985 இல் தொடங்கி, இப்போது ரூ பஜோல் வீதியில் உள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தில் கும்பிட்டு, ஃபோபூர் சென்-தெனி வீதிக் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் ஆட்டிறைச்சியும் வாங்கி, தெரிந்தவர்களோடு நடைபாதையில் நின்று கதைத்து, கார் து நோர் நிலையத்தில் ரயிலேறும்போது மாலை ஆறேகால். மரக்கறிப் பைகள் கைப்பிடிகளில் தொங்கும் தள்ளுவண்டியில், ரயிலின் ஆட்டத்துக்கு, பிள்ளையின் தலை ஒரு பக்கம் சாய்கிறது. “பாவம், களைச்சுப் போனான்” என்று தாய் தன் சால்வையால் போர்த்திவிடுகிறாள். எபினே-வில்தனெஸ் நிலையத்தில் இறங்கி, ட்ராம் பாதையைக் கடந்து வீடு சேரும் வரை அரை மணி நேர நித்திரை. நாள் முழுதும் ஏறிய நித்திரைச் சுமையில் ஒரு நல்ல பங்கு அங்கே இறங்கிவிட்டது.

ஏழு மணி முதல் எட்டு மணி வரை, நித்திரை தெளிந்த உற்சாகத்தோடு, பிள்ளை வெளியே விளையாட்டுத் திடலில் சறுக்குகிறது. நேரத்தைச் சூரியக் கணக்கில் சொன்னால் அது மாலை ஐந்து முதல் ஆறு வரை. வெளிச்சமோ கொலராடோ மேசையினும் பன்மடங்கு. தொடங்கவிருந்த இருட்சுரப்பு அடங்கி, ஒன்பது ஒன்பதரைக்குத் தள்ளிப்போகிறது. அது தள்ளிப்போனதும், அதற்கு முந்திய தடைவேளையும் கூடவே நகர்ந்து, எட்டு மணிக்கும் ஒன்பதுக்கும் இடையில் வந்து உட்கார்கிறது. சரியாக அந்த நடுவில், எட்டரைக்கு, விளக்கை அணைத்து, “படு குஞ்சு” என்கிறாள் தாய்.

சுமை குறைவு, இருட்சுரப்பு இல்லை, மிதியோ உச்சத்தில். மூன்று விசைகளும் ஒருமித்து எதிர்க்கும்போது நாலு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? தண்ணீர் கேட்கும், சலம் வருகுது என்னும், இன்னுமொரு கதை கேட்கும், கடைசியில் அழும். பத்தேகாலுக்கு, அஸ்தமனமும் கழிந்த பிறகு, ஓய்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஏழு மணிக்கு எழுப்ப வேண்டும். கிடைத்த நித்திரை எட்டே முக்கால் மணி. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு, பகல் நித்திரையும் உட்பட, நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டுமென்பது 2016 இல் அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் வகுத்த அளவு. திங்கள் பின்னேரம் பிள்ளை அதற்கெல்லாம் சேர்த்துச் சிணுங்கும். அதைக் குழப்படி என்பார்கள்.

இதே ஞாயிற்றைத் திருத்தி அமைப்பது கடினமன்று. காலை ஏழரைக்கு வோலேயை உயர்த்தி, யன்னலோரத்தில் காலைச் சாப்பாடு கொடுங்கள். லா சப்பல் பயணத்தை முற்பகலுக்கு மாற்றுங்கள். தள்ளுவண்டி நித்திரை வருமாயின் மூன்று மணிக்குள் வந்து தீரட்டும். விளையாட்டுத் திடலுக்கு ஐந்து மணிக்கே போய் வாருங்கள். ஏழேகாலுக்கு வோலேகளை இறக்கி, ஒரு மங்கிய விளக்கை மாத்திரம் ஏற்றி, கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அந்த இருளிலேயே குளிப்பும் உணவும் கதையும் நடக்கட்டும். பிள்ளைக்கு நித்திரை வரும் நேரம் பத்து மணியாகிவிட்டிருந்தால், முதல் நாளே எட்டரைக்குப் படுக்க வைத்துப் போராட வேண்டாம். ஒன்பதே முக்காலில் தொடங்கி, ஓரிரு நாளைக்கொரு தரம் கால் மணியாக முன்னே கொண்டுவாருங்கள். காலை எழுப்பும் நேரத்தை மாத்திரம், சனி ஞாயிறு உட்பட, ஒரு நாளும் மாற்றாதிருங்கள்.

உணவகங்களில் வேலை செய்யும் தந்தையருக்கும் ஒரு சொல். நள்ளிரவில் வீடு திரும்பும் தகப்பனுக்குப் பிள்ளையின் முகத்தை ஒரு தரம் பார்க்கும் ஆசை இயல்பானது. அதற்காகப் பிள்ளையை விழித்திருக்க விடும் வீடுகளும் உண்டு. அந்த அரை மணி நேரச் சந்திப்பைக் காலைக்கு மாற்றிக்கொள்வதே மேல் என்பது என் எண்ணம். வேலைக்குப் புறப்படு முன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திச் செல்லும் தகப்பன், பிள்ளையோடு பேசிச் செல்வதோடு, அதன் அகக்கடிகாரத்தையும் திருத்திவிடுகிறார்.

மார்கழியில் மறுதலை

டிசம்பர் 21 அன்று எபினேயில் சூரியன் உதிப்பது 8.40 கடந்த பிறகு. பள்ளிக்கூட வாசலோ எட்டரைக்கு முன்னரே திறந்துவிடும். அப்போது மாலை நித்திரையில் தொல்லை இல்லை. காலையில் எழுப்புவதே பெரும்பாடு. அக்காலத்தில் வெளிச்சம் கிடைப்பது முற்பகல் இடைவேளையிலும் மதியத்திலும்தான். ஆதலால் குளிருக்குப் பயந்து பிள்ளையை விடுமுறை நாட்களில் வீட்டுக்குள்ளே பொத்தி வைக்காமல், தடித்த மேலங்கி போட்டு முற்பகலில் வெளியே விடுங்கள். மேகம் மூடிய வானமும் வீட்டு விளக்கைவிடப் பன்மடங்கு பிரகாசமானது.

மருந்துக் கடைக்குப் போகு முன்

மெலட்டோனின் கலந்த பாணிகளும் மிட்டாய்களும் இன்று மருந்துச் சீட்டு இல்லாமலே விற்பனையாகின்றன. உடம்பு தானே சுரப்பதுதானே, கொடுத்தால் என்ன என்று எண்ணும் பெற்றோர் உளர். பிரான்ஸ் தேசத்து உணவுப் பாதுகாப்பு நிறுவனமாகிய ஆன்செஸ், 2018 இல், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இவ்வகைப் பொருள்களைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியிருக்கிறது. வைத்தியர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். பிள்ளை நித்திரையில் உரத்துக் குறட்டை விட்டாலோ, மூச்சு இடையிடையே நின்று திணறினாலோ அது வெளிச்சத்தின் குற்றமன்று. வைத்தியரிடமோ, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இலவசமாகப் பார்க்கும் பே.எம்.இ. நிலையத்திலோ காட்ட வேண்டும்.

கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரம் மாற்றும் வழக்கத்தை நிறுத்த ஐரோப்பியப் பாராளுமன்றம் 2019 மார்ச் மாதத்திலேயே வாக்களித்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்படும்போது பிள்ளை திண்டாடாதிருக்க, அதற்கு நாலு நாள் முன்பிருந்தே படுக்கை நேரத்தையும் எழும்பும் நேரத்தையும் நாளுக்குக் கால் மணியாக முன்னே கொண்டுவாருங்கள். அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறுக்கு அதையே மறுதலையாகச் செய்யுங்கள்.